நகைக்கடனா, குழுக்கடனா? கோத்தகிரி பக்கம் எது தாங்கும்
நம்ம ஊரில் அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் நகையை அடகு வைப்பது, பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று வாங்கும் குழுக்கடன் என்று இரண்டு வழிதான். என்னைக் கேட்டால், வீட்டில் ஒரு பவுனாவது இருந்தால் கூட்டுறவு வங்கி நகைக்கடன்தான்.

காரணம் வட்டி மட்டும் இல்லை, தவணை வரும் நாள். பச்சைத்தேயிலைக்கு ஃபேக்டரி மாதக் கணக்கில்தான் பணம் தருகிறது, டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகிவிட்டால் அந்தக் கணக்கும் சுருங்கிவிடும், ஆனால் குழுக்கடன் தவணை வாரமோ மாதமோ குறித்த நாளில் வந்து நிற்கும். 50,000 ரூபாயை 24 சதவீத வட்டியில் 2 வருடத்துக்கு வாங்கினால் மாதம் சுமார் 2,640 கட்ட வேண்டும், இலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் பக்கத்து வீட்டு அக்கா தன் பையிலிருந்து எடுத்து வைக்கிறார், அப்புறம் இருவருக்கும் பேச்சே நின்றுவிடுகிறது. இதுதான் எனக்குத் தாங்கவே முடியாத விஷயம்.

நகைக்கடனில் வருடக் கடைசியில் வட்டியைக் கட்டி அதே நகையை மறுபடி அடகு வைக்கலாம். 2021-இல் தமிழக அரசு தள்ளுபடி செய்ததும் கூட்டுறவில் 5 பவுன் வரை வைத்த நகைக்கடனைத்தான் (அதை நம்பி யாரும் கடன் வாங்காதீர்கள்). ஆனால் கட்டாமல் விட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.

நகையே இல்லாதவர்களுக்குக் குழுக்கடன்தான் வழி, சரி. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. இலை குறையும் மாத வருமானத்தை வைத்து அந்தப் பாதியை நீங்களே கணக்குப் போட்டுவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.