கன்வெர்ட்டர் பிளக் இலவசம், போனது 9,400 ரூபாய்

ஆடிப் பதினெட்டு நோம்பிக்குத் தைத்துக் கொடுக்க வேண்டிய 17 ரவிக்கைகள் பூஞ்சை வாடையோடு கிடக்கின்றன. அவற்றை அப்படியே விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் என் வயிற்றெரிச்சல் எவ்வளவு என்று புரிந்துகொள்ளுங்கள்.

வால்பாறையில் சரிவில் கட்டிய எங்கள் வீட்டுக்குச் சாலை மட்டத்துக்குக் கீழே ஓர் அறை உண்டு. மூன்று பக்கச் சுவரும் மண்ணை ஒட்டியே நிற்பவை. தையல் எந்திரமும் துணிகளும் அங்கேதான் இருக்கின்றன. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் அந்த அறையில் துணி காய்வதில்லை, விரலும் ஊசியைப் பிடிக்க மறுக்கிறது. அதனால் ஒரு ரூம் ஹீட்டர் வாங்கலாம் என்று 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் பொள்ளாச்சிக்குப் போனேன். அது நன்றாக ஓடும் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடை. பெயர் சொல்லப் போவதில்லை.

எண்ணெய் நிரப்பிய, 2,500 வாட் ஹீட்டர் ஒன்றைக் காட்டினார்கள். விலை 9,400 ரூபாய். எங்கள் கீழறையில் சின்ன சாக்கெட் மட்டுமே இருக்கிறது, இதன் தடித்த பிளக் அதில் நுழையாதே என்று நானே கேட்டேன். விற்றவர் சிரித்தபடி மேசை அறையைத் திறந்து ஒரு கன்வெர்ட்டர் பிளக்கை எடுத்து, "இதுக்குக் காசு வேண்டாங்க அம்மணி, நம்மூட்டுலயும் இப்படித்தான் ஓடுது, தகிரியமாப் போடுங்க" என்றார். தன் வீட்டிலும் அதுவே ஓடுகிறது என்று ஒருவர் சொன்ன பிறகு மேற்கொண்டு என்ன கேட்பது? பில் போட்டால் விலை ஏறும் என்று அவர் ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்ததையும் பேசாமல் வாங்கிக்கொண்டேன். அது என் முட்டாள்தனம், மறுக்கவில்லை.

நான்காம் நாள் இரவு பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. கீழே ஓடிப் பார்த்தால் கன்வெர்ட்டரும் அதைச் செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் ஒன்றாக உருகி ஒட்டியிருந்தன. ஒரு முழம் தள்ளி வெட்டுத் துணிக் குவியல். மறுநாள் வந்த வயர்மேன் கணக்குச் சொன்னார்: 2,500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 11 ஆம்பியர் வருகிறது, அந்தச் சின்ன சாக்கெட் தாங்குவதோ 6 ஆம்பியர், மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்க அந்த லைனுக்குப் போட்டிருந்த எம்.சி.பி. 16 ஆம்பியர் என்பதால் அது விழவும் இல்லை. பிளக்கின் உருவத்தைத்தான் அந்தக் கன்வெர்ட்டர் மாற்றுகிறது, சாக்கெட்டின் தாங்கும் அளவை அல்ல. இது கடைக்காரருக்குத் தெரியாதா?

தொலைபேசியில் அழைத்தேன். சர்வீஸ் ஆள் கோயமுத்தூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். இரண்டு நாள் கழித்து அழைத்தபோது, "அவரு கல்யாணத்துக்குப் போயிருக்காருங்க" என்றார்கள். ஆடி மாதத்தில் எந்த ஊரில் கல்யாணம் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நேற்று அந்தப் பாரத்தைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு நேரிலேயே போனேன். "கன்வெர்ட்டர் போட்டு ஓட்டுனா வாரண்டி வராதுங்க மேடம்" என்றார் அதே மனிதர். நீங்கள் கொடுத்ததுதானே என்றால், எங்கள் கடையில் அப்படிக் கொடுப்பதே இல்லை என்கிறார். வாங்கும்போது அம்மணி, திருப்பும்போது மேடம்! 9,400 ரூபாய் எனக்கு ஒரு மாதத் தையல் கூலி.

கீழறைக்கு எந்த ஹீட்டர் பொருந்தும் என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. 16 ஆம்பியர் சாக்கெட்டும் அதற்குத் தக்க வயரும் இல்லாத அறைக்கு 2,000 வாட் ஹீட்டரைக்கூட வாங்காதீர்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒருபோதும் செருகாதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையின் கீழ் உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து, அந்த முத்திரையைத் தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைச் சரிபாருங்கள். என் பெட்டியில் முத்திரை மட்டும்தான் இருந்தது, எண் இல்லை. துணியையும் மெத்தையையும் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். கதவை அடைத்துச் சூடு ஏற்றினால் துணியிலிருந்து கிளம்பும் ஈரம் குளிர்ந்த சுவரில்தான் போய் இறங்குகிறது, ஆகவே காற்றுக்கு வழி விடுங்கள். ஹீட்டருக்குப் பதில் கணப்புச் சட்டியில் கரி மூட்டிக் கீழே வைத்துக்கொள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். அடைத்த அறையில் கரிப்புகை ஆளையே கொன்றுவிடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

நாளைக் காலை 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கப் போகிறேன். அதற்கும் மசியவில்லை என்றால் கோவை நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதுவேன். ஐந்து லட்சத்துக்குள் அடங்கும் வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. சான்றாக என்னிடம் இருப்பது அந்தத் துண்டுச் சீட்டு ஒன்றுதான். அதில் கடையின் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. 9,400 என்ற எண் மட்டும் அழகாக எழுதப்பட்டிருக்கிறது.