வெப்ப அலை எச்சரிக்கைச் சேவை: சென்னையிலிருந்து ஒரு பயனாளரின் மதிப்பீடு

சென்னையில் சிறிய கட்டுமானத் தளம் ஒன்றின் மேற்பார்வையாளன் என்ற முறையில், ஏப்ரல், மே மாதங்களில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வெப்ப எச்சரிக்கையைப் பார்த்த பிறகே மறுநாள் வேலை நேரத்தை முடிவு செய்கிறேன். சேவை இலவசம். மாவட்டவாரியாகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் காட்டுவதால், எழுத்துக்கூட்டிப் படிக்கும் மேஸ்திரிக்கும் பார்த்தவுடன் விளங்கிவிடுகிறது. அதிகபட்ச வெப்பநிலைக் கணிப்பில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

எதை ஆபத்து என்று கணக்கில் எடுக்கிறார்கள் என்பதில்தான் குறை. கடலோரத்தில் வெப்ப அலை என்று அறிவிக்க வெப்பநிலை 37 டிகிரியை எட்ட வேண்டும். அத்துடன் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். சென்னையில் மே மாத இயல்பே 37ஐ ஒட்டித்தான் இருக்கிறது என்பதால், நடைமுறையில் ஏறத்தாழ 41.5ஐத் தொட்டால்தான் இங்கே வெப்ப அலை. ஈரப்பதத்துக்கு இந்த வரையறையில் இடமே இல்லை. ஆனால் 32 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதமாக இருந்தால், அமெரிக்க வானிலைச் சேவையின் வெப்பக் குறியீட்டின்படி உடல் உணர்வது சுமார் 40 டிகிரி. காலை ஒன்பது மணிக்கே கம்பி கட்டுபவரின் சட்டை பிழிந்தால் சொட்டுமளவு நனைந்திருக்கும், வியர்வை உலராது, தண்ணீர்க் குடத்தைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள். அத்தகைய நாளிலும் வரைபடம் பச்சையாகவே இருக்கக்கூடும். அறிக்கையோ ‘அசௌகரியம்’ ஏற்படலாம் என்று நாசூக்காகச் சொல்லி முடித்துக்கொள்ளும். பகலில் 40 டிகிரியைத் தொடாத நாளின் இரவு, தகரக் கொட்டகையில் எவ்வளவு புழுங்கினாலும், துறையின் கணக்கில் ‘வெப்ப இரவு’ ஆகாது. 2023 முதல் சோதனை முறையில் வெப்பக் குறியீட்டு வரைபடமும் வெளிவருகிறது என்பது நல்ல தொடக்கம்.

ஓர் எச்சரிக்கை முறை சரியானதா என்பதை வெப்பமானியை வைத்து மட்டும் சோதிக்க முடியாது. மருத்துவமனைப் பதிவேட்டையும் இறப்புப் பதிவேட்டையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அகமதாபாத்தில் அதைச் செய்தார்கள். 2010 மே மாத வெப்பத்தில் அங்கே 1,344 பேர் வழக்கத்துக்கு மேல் இறந்ததாக ஆய்வு கண்டறிந்தது. 2013இல் வெப்பச் செயல்திட்டம் வந்தது. பின்னர் 2007–10 ஆண்டுகளின் இறப்புகளை 2014–15உடன் ஒப்பிட்டு, ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். அந்த மதிப்பீட்டின் பிழை வரம்பு மிக அகலம்தான். ஆனாலும் அளந்து பார்த்திருக்கிறார்கள். கடலோர நகரங்களுக்கான வரம்புகளையும் இப்படி இறப்புக் கணக்கோடு பொருத்தி நிர்ணயித்தால், 37 என்ற எண்ணும் 4.5 என்ற எண்ணும் அப்படியே நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். கடலோரம் அல்லாத வேலூர், திருத்தணிப் பக்கம் வேலை எடுத்திருப்பவர்கள் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்யலாம். சென்னைத் தளத்தில் நான் ‘அசௌகரியம்’ என்ற சொல் வந்தாலே அதை ஆரஞ்சு என்று எடுத்துக்கொண்டு, காங்கிரீட் வேலையைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்துவிடுகிறேன்.