கன்வெர்ட்டரா, சென்சாரா? பழைய பெட்ரோல் கார் புகை டெஸ்ட்டில் தேற எது நல்லது

எங்கள் வீட்டில் இருப்பது 2007 ஆல்டோ, தண்டையார்பேட்டை ஆர்டிஓ வண்டி. 15 வருடம் முடிந்து பதிவையும் புதுப்பித்தாகிவிட்டது. இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்றிருந்தபோதுதான் புகை டெஸ்ட்டில் கார்பன் மோனாக்சைடு எகிறியது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். புகையில் உள்ள விஷ வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாற்று என்றார் ஒருவர். புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரையும் சைலன்சரையும் முதலில் பார் என்றார் இன்னொருவர். டேங்கில் ஒரு பாட்டில் கிளீனர் ஊற்றினால் போதும், கேஸுக்கு மாறிவிடலாம் என்றும் பேச்சு வந்தது. நான் சென்சார் பக்கம் போனேன், இப்போதும் அந்தப் பக்கம்தான். வண்டியைக் கொண்டுபோகாமலே சான்று வாங்கித் தருகிறேன் என்பவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. டீசல் வண்டி நான் வைத்ததில்லை, அதனால் இது பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார்களுக்கு மட்டும்.

முதலில் உங்கள் வண்டி எந்த பாரத் ஸ்டேஜ் (பிஎஸ், அதாவது அரசின் புகைத் தரநிலை) என்று பாருங்கள். சென்னையில் 2005 முதல் 2010 வரை வந்தவை பெரும்பாலும் பிஎஸ் 3. இவற்றுக்கு ஐடிலில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதமும், எரியாத பெட்ரோலான ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம்மும் (பத்து லட்சத்தில் 750 பங்கு) தாண்டக் கூடாது. பிஎஸ் 4 காருக்கு இது 0.3, 200 என்று இறுகிவிடுகிறது. பிஎஸ் 2-க்கு முந்தைய வண்டிகளுக்கு 3 சதவீதம் வரை இடம் உண்டு. அவற்றில் கார்பரேட்டர் ஸ்க்ரூவைத் தெரிந்தவர் கை வைத்தாலே பெரும்பாலும் தேறிவிடும். பிஎஸ் 4-க்குச் சான்று ஒரு வருடம் செல்லும், பிஎஸ் 3-க்கு ஆறு மாதம்தான். சான்று இல்லாமல் மாட்டினால், 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம். ஆக, இன்றைக்கு எப்படியோ தேறிவிட்டால் போதாது, ஆறு மாதம் கழித்தும் தேற வேண்டும். என் முடிவுக்கு இதுதான் காரணம்.

பாட்டில் சமாச்சாரத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரில் அழுக்கு சேர்ந்திருந்தால் ஓரளவு உதவும். செத்த சென்சாரையோ ஓட்டை சைலன்சரையோ அது ஒன்றும் செய்யாது. கேஸ் கிட் போட்டால் ஆர்சி புத்தகத்தில் ஏற்ற வேண்டும், டிக்கி போய்விடும். இவ்வளவு வயதான வண்டிக்கு அந்தச் செலவு எனக்குக் கட்டுப்படியாகவில்லை. தினமும் நீண்ட தூரம் ஓட்டுகிறவருக்குக் கணக்கு வேறாக இருக்கலாம்.

மீதி இரண்டு, கன்வெர்ட்டரும் சென்சாரும். "கன்வெர்ட்டர் பூட்ச்சு சார், மாத்திடலாம்" என்று சொல்வது மெக்கானிக்குச் சுலபம். சில சமயம் அது உண்மையும்கூட. ஆனால் கன்வெர்ட்டர் தானாகக் கெடுவது குறைவு. எஞ்சின் பெட்ரோலை அதிகம் குடித்தால், பிளக் மிஸ் ஆனால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பீங்கானை உருக்கிவிடும். எஞ்சின் ஆயிலை எரித்தால் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் உள்பூச்சின் மேல் படிந்து அதை வேலை செய்ய விடாது. இதையெல்லாம் சரிசெய்யாமல் புதுக் கன்வெர்ட்டர் மாட்டுவது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பது மாதிரி. முதல் டெஸ்ட்டில் தேறும். அடுத்ததும் தேறுமா என்பது சந்தேகம்தான்.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம், தோற்ற டெஸ்ட்டின் சீட்டே போதும். கார்பன் மோனாக்சைடு மட்டும் ஏறி, ஹைட்ரோகார்பன் அளவோடு இருந்தால் பெட்ரோல் கலவை கூடியிருக்கிறது. சென்சார், அடைத்த ஏர் ஃபில்டர், ஒழுகும் இன்ஜெக்டர் என்று பாருங்கள். ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறினால் எங்கோ சரியாக எரியவில்லை. பிளக், பிளக் வயர், காயில் பக்கம் போங்கள். இரண்டும் ஏறியிருந்தால்தான், அதுவும் மற்றதெல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான், கன்வெர்ட்டர் மேல் சந்தேகம் வர வேண்டும்.

என் சீட்டில் ஏறியிருந்தது கார்பன் மோனாக்சைடு மட்டும். நல்ல ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். வயதான சென்சார் சோம்பலாகி ஒரே இடத்தில் நிற்கும். பழைய கார்களில் இதற்கு டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும் என்பதில்லை. என் வண்டியில் எரியவே இல்லை. மீட்டர் வைத்துப் பார்க்கத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் போனதால்தான் தெரிந்தது.

புகைக் குழாயில் சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருக்கிறதா என்று நம் வட சென்னைக்காரர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஓரத்தில் நிற்கும் வண்டிகளின் சைலன்சரையும் அதன் குழாயையும் கடல் காற்று அரித்துவிடுகிறது. சென்சாருக்கு முந்தைய ஜாயிண்ட்டில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் அதைப் பார்த்துவிட்டுப் பெட்ரோல் குறைவு என்று நினைக்கும், கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோலை ஊற்றும், கார்பன் மோனாக்சைடு ஏறும். இதற்கு மருந்து ஒரு கேஸ்கெட், கொஞ்சம் வெல்டிங். கன்வெர்ட்டர் விலையோடு ஒப்பிட்டால் சென்சாரும் வெல்டிங்கும் சேர்ந்தே சொற்பம். கம்பெனி கன்வெர்ட்டர் என்றால் வண்டியை விற்றால் வரும் பணத்தில் கணிசமான பங்கு அதற்கே போய்விடும்.

டெஸ்ட்டுக்குப் போகும்போது எஞ்சின் சூடாக இருப்பது முக்கியம். கன்வெர்ட்டர் ஏறத்தாழ 300 டிகிரி தொட்டால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ராயபுரத்துக்குள் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு வருவதே இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் குறைவான நேரம் பார்த்து, மூன்றாவது கியரில் கொஞ்ச தூரம் விரட்டிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் நேராக சென்டருக்குப் போங்கள். ஆயில் மாற்றி நாளாகியிருந்தால் அதையும் முன்பே மாற்றுங்கள். ஆயிலில் கலந்த பெட்ரோல் ஆவியாகி எஞ்சினுக்குள் திரும்பி வந்து அளவைக் கூட்டும்.

கன்வெர்ட்டரேதான் போய்விட்டது என்றால்? தட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம், அல்லது வண்டி இழுக்காமல் மூச்சடைத்துப் போவது, இரண்டும் தெளிவான அடையாளம். கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி தண்ணீர் நிற்கும் இடத்தில் சூடான வண்டியை இறக்கினால் உள்ளிருக்கும் பீங்கான் விரிசல் விடலாம். அப்போது மாற்றத்தான் வேண்டும். "தேன்கூட்டை உடைச்சு எடுத்துட்டா வண்டி பறக்கும்" என்பவர்களை நம்பாதீர்கள், சூடேறிய எஞ்சினிலும் 0.5 சதவீதத்துக்குள் நிற்பது பிறகு கஷ்டம். வெளிமார்க்கெட் கன்வெர்ட்டர் எத்தனை வருடம் தாங்கும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை; வாரண்டியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழையதைக் கடையில் சும்மா விட்டுவிட்டும் வராதீர்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது, பில்லில் அதற்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று முதலிலேயே கேளுங்கள்.