மாடி அறைக்கு ஒரு லேன் கேபிள்: பிஎஸ்5-இன் இணைய வசதிகள்

பிஎஸ்5, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் மெஷின், வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. கேம்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதன் இணைய இணைப்பைப் பற்றித்தான்.

எங்கள் வீட்டில் ரௌட்டர் கீழே கூடத்தில், பிஎஸ்5 மாடியில். நடுவில் கான்கிரீட் தளம். மெஷினில் வைஃபை 6 இருக்கிறது. ஆனாலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை தளத்தைத் தாண்டி வருவதற்குள் சோர்ந்துவிடும். 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், வேகம்தான் வராது. எது வேண்டும் என்று செட்டிங்ஸில் நாமே தேர்ந்தெடுக்கலாம். 100 எம்பிபிஎஸ் பிளானில் 5-க்கு 40, 2.4-க்கு 18 வந்தது.

கடைசியில் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு, மாடிப்படி ஓரமாகவே 20 மீட்டர் கேட்6 லேன் கேபிள் இழுத்தோம். மெஷினின் பின்பக்கம் ஜிகாபிட் லேன் போர்ட் இருக்கிறது. சொருகியதும் 94. அந்த எண்ணைவிட எனக்கு முக்கியம் அன்றைய ராத்திரி ஆட்டம். சிங்கப்பூரில் இருக்கும் தம்பியோடு ஃபுட்பால் ஆடுவேன். அதுவரை நான் பட்டனை அழுத்தி, ஒரு கணம் கழித்துத்தான் என் ஆள் காலையே தூக்குவான். அன்றைக்கு அழுத்தியதும் உதைத்தான். "அக்கா, இன்னிக்கு வேற ஆள் மாதிரி ஆடுற!" என்றான் தம்பி. ஆன்லைன் ஆட்டத்துக்குப் பெரிய வேகம் தேவையில்லை, தாமதம் ஏறி இறங்காமல் இருந்தால் போதும். கேபிள் அதைத்தான் தருகிறது.

இப்படி ஆன்லைனில் ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் என்ற சந்தா கட்ட வேண்டும். ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களுக்கு வேண்டாம்.

ரொம்பப் பிடித்தது ரிமோட் ப்ளே, மெஷினில் ஓடும் கேமை நெட் வழியாக ஃபோனில் ஆடும் வசதி. டிவியில் இவர் கிரிக்கெட் பார்க்கும்போது நான் கீழே சமையலறைத் திண்ணையில் உட்கார்ந்து ஃபோனில் ஆடுவேன். மெஷின் ரெஸ்ட் மோடில், அதாவது தூக்க நிலையில், இருந்தாலும் ஃபோனிலிருந்தே எழுப்பலாம். இணையத்தோடு இணைந்திருக்கவும், நெட்வொர்க் வழியாக ஆன் ஆகவும் செட்டிங்ஸில் முன்பே அனுமதி கொடுத்திருக்க வேண்டும். குறைந்தது 5 எம்பிபிஎஸ் வேண்டும் என்கிறார்கள், 15 இருந்தால் நல்லது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். உள்ளே ப்ளூடூத் 5.1 இருந்தும் சாதாரண ப்ளூடூத் ஹெட்செட்டை நேரடியாக இணைக்க முடியாது. கன்ட்ரோலரின் அடியில் 3.5 மி.மீ. ஓட்டை இருக்கிறது, பழைய வயர் ஹெட்போனை அதில் சொருகித்தான் தம்பியோடு பேசுகிறேன், குரல் தெளிவாகவே கேட்கிறது.

வாங்கும் முன் டிவிக்கும் ரௌட்டருக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்துவிடுங்கள். பெட்டிக்குள் லேன் கேபிள் வராது.