புடாபெஸ்டின் 72 மணி நேர பாஸ்: தனியாகச் சுற்றப் போகிறவர்கள் வாங்கலாமா?

சென்னையில் எந்த டிராவல்ஸில் ஐரோப்பா பேக்கேஜ் விலை கேட்டாலும், சொல்கிற தொகைக்குக் கீழே பொடி எழுத்தில் 'ட்வின் ஷேரிங்' என்று ஒரு வரி இருக்கும். தனியாகத்தான் போகிறேன் என்றால், தனி அறைக்கென்று ஒரு பெரிய தொகை சத்தமில்லாமல் ஏறும். பேக்கேஜ் வேண்டாம், நாமே போய்க்கொள்ளலாம் என்று கிளம்பினாலும் கதை அதேதான். டாக்ஸிக்கு இரண்டு பேர் தருவதை ஒருத்தி தர வேண்டும், ஹோட்டல் அறைக்கும் அப்படியே. ஹாஸ்டலில் ஒரு கட்டில் எடுத்தால் அறைச் செலவு குறையும், மற்றதெல்லாம் தனியாளுக்குத் தண்டம்தான். ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில், தனியாக வந்ததற்காக என்னிடம் ஒரு பைசாகூட அதிகம் வாங்காத ஒரு பொருள் இருந்தது. அது அந்த ஊர்ப் போக்குவரத்து நிறுவனமான பிகேகே விற்கும் 72 மணி நேர பாஸ். ஊரைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள், நான் இந்த பாஸைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எழுதினால் ஊரும் கூடவே வந்துவிடும்.

முதலில் விலை. நான் போனபோது ஐயாயிரத்துச் சொச்சம் ஃபோரின்ட். ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய நான்கு ஃபோரின்ட் என்று வைத்துக்கொண்டால் ஆயிரத்து நானூறு ரூபாய் பக்கம் வரும். சென்னை மாநகர பஸ்ஸான எம்டிசியில் மாதம் முழுக்கச் சுற்ற ஆயிரம் ரூபாய் பாஸ் எடுத்துப் பழகிய கைக்கு இது கொஞ்சம் உறுத்தும்தான். ஆனால் மெட்ரோ, டிராம், பஸ், டிராலி பஸ் எல்லாம் இதிலேயே அடக்கம், எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். முக்கியமான விஷயம், இது நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்கு. திங்கள்கிழமை மாலை நாலு மணிக்குத் தொடங்கினால் வியாழக்கிழமை மாலை நாலு மணி வரை செல்லும். மதியத்துக்கு மேல் வந்து இறங்குகிற நம்மூர்க்காரர்களுக்கு (சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது, வளைகுடா வழியாகவோ வேறு எங்காவதோ மாறித்தான் போக வேண்டும்) இந்த மணிக் கணக்கு ரொம்பவே லாபம்.

வாங்குவது சுலபம். ஊதா நிற இயந்திரங்கள் மெட்ரோ நிலையங்களிலும் பெரிய டிராம் நிறுத்தங்களிலும் இருக்கின்றன, ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், கார்டு போதும். ஆப்பிலும் எடுக்கலாம், ஆனால் நான் காகிதத்தையே சிபாரிசு செய்வேன். காலையிலிருந்து போட்டோ எடுத்துத் தள்ளிவிட்டு மாலையில் போன் செத்துவிட்டால் டிக்கெட்டும் அதோடு போச்சு. தனியாகப் போனவருக்கு இன்னொருவர் போனும் இல்லை. பர்ஸில் ஒரு சீட்டு, அவ்வளவுதான்.

இனி விமான நிலையம். இங்கேதான் பலர் தேவையில்லாமல் செலவழிக்கிறார்கள். ஊர் நடுவுக்கு நேராக ஓடுகிற 100இ பஸ்ஸுக்கு இந்த பாஸ் செல்லாது, தனி டிக்கெட். பக்கத்திலேயே 200இ என்று இன்னொரு பஸ் கிளம்பும், அதற்குச் செல்லும். அது கோபானியா-கிஷ்பெஸ்ட் நிலையத்தில் கொண்டுபோய் விடும், அங்கிருந்து நீல நிற எம்3 மெட்ரோவில் ஏறினால் ஊர் நடுவிலிருக்கும் டேயாக் டேர் ('டேர்' என்றால் சதுக்கம்) வந்துவிடலாம். நேரம் கொஞ்சம் கூடும். பெட்டி பெரிதென்றால் 100இ எடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். முதுகுப் பையோடு போகிறவர்கள் விமான நிலையத்திலேயே பாஸ் வாங்கிக்கொண்டு 200இ-யில் ஏறலாம்.

சரி, பாஸ் கையில் இருக்கிறது, என்ன பார்ப்பது? டிராம் எண் 2. வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். டான்யூப் நதியின் கிழக்குக் கரையில், அதாவது பெஸ்ட் பக்கம், கரையை ஒட்டியே ஓடுகிறது. வடக்கே யாஸாய் மாரி டேரில் ஏறி வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். பார்லிமெண்ட் தாண்டியதும் நதி திறந்துகொள்ளும். எதிர்க்கரையில் மீனவர் கோட்டை, மத்தியாஸ் தேவாலயம், 1849இல் திறந்த சங்கிலிப் பாலம், அரண்மனை, கெல்லெர்ட் குன்று என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். பச்சை நிறச் சுதந்திரப் பாலத்தை ஒட்டிய ஃபோவாம் டேரில் இறங்கினால் எதிரே 1897இல் கட்டிய பெரிய சந்தைக் கட்டடம். இதே காட்சிக்குக் கரையில் படகுக்காரர்கள் நல்ல விலை சொல்வார்கள், சிவப்பு மாடி பஸ்காரர்கள் அதைவிட நல்ல விலை. நான் பகலில் ஒரு முறை போய்விட்டு, விளக்கு போட்ட பிறகு திரும்பவும் போனேன். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுவதால் இரவுக் காட்சிக்காக முழித்திருக்க வேண்டியதே இல்லை. ஒரே ஒரு இடத்தில் இறங்கி நடக்கச் சொல்வேன். பார்லிமெண்டுக்கும் சங்கிலிப் பாலத்துக்கும் நடுவில் ஆற்றின் விளிம்பிலேயே அறுபது ஜோடி இரும்புச் செருப்புகளும் ஷூக்களும் இருக்கின்றன. 1944-45இல் ஹங்கேரியின் நாஜி ஆதரவுக் கட்சியான அம்பு சிலுவைக் கட்சியின் ஆட்கள் யூதர்களைக் கரையில் நிற்க வைத்துச் செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். 2005இல் வைத்த நினைவுச்சின்னம். குழந்தைகளின் செருப்பும் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுப்பவர்களும் இருக்கிறார்கள், என்ன சொல்ல.

பார்லிமெண்ட் உள்ளே போக ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர்கள் தருவதைவிட நாம் ஏறக்குறைய இரண்டு மடங்கு தர வேண்டும். நான் போகவில்லை. அதன் அழகு வெளியிலிருந்து, அதுவும் எதிர்க்கரையிலிருந்து பார்த்தால்தான். பார்லிமெண்ட் வாசலில் இருக்கும் கோஷூத் நிலையத்தில் சிவப்பு எம்2 மெட்ரோவில் ஏறினால் அடுத்த நிறுத்தமே பாத்தியானி டேர், ரயில் நதிக்கு அடியிலேயே கடந்துவிடும். மேலே வந்தால் முழுக் கட்டடமும் கண்ணெதிரே. நடுக் கோபுரம் 96 மீட்டர், ஊரில் இருக்கும் புனித ஸ்டீபன் பேராலயமும் அதே 96 மீட்டர். ஹங்கேரியர் இந்த மண்ணுக்கு வந்ததாகச் சொல்லும் 896ஆம் ஆண்டின் கணக்காம். எஸ்கலேட்டரில் மட்டும் கவனமாக ஏறுங்கள், ஆழமும் அதிகம், வேகமும் அதிகம். வயதானவர்களோடு போனால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மஞ்சள் நிற எம்1 வேறு ஜாதி. தெருவுக்குச் சில படிகள் கீழேயே ஓடுகிறது, குட்டிப் பெட்டிகள், வெள்ளை ஓடு பதித்த நிலையங்கள், மரத்தில் செய்த டிக்கெட் கூண்டுகள். 1896இல் திறந்தது, லண்டனை விட்டால் ஐரோப்பாவில் மின்சாரத்தில் ஓடிய முதல் சுரங்க ரயில் இதுதான். 2002இல் மேலே இருக்கும் ஆண்ட்ராஷி சாலையோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றியிருக்கிறார்கள். மெட்ராஸில் 1895இலேயே மின்சார டிராம் ஓடியது, 1953இல் மூட்டை கட்டி வைத்துவிட்டோம். அவர்கள் அதே காலத்து ரயிலை இன்றைக்கும் வேலைக்குப் போக வரப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பார்த்தபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஒரு எச்சரிக்கை: பெரும்பாலான எம்1 நிலையங்களில் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி வாசல், கீழே போய் எதிர்ப்பக்கம் மாற வழி இல்லை. சாலையில் நிற்கும்போதே எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

கோட்டைக் குன்றுக்கு ஏற எல்லோரும் ஷிக்லோ என்கிற பழைய கயிற்று ரயிலுக்கு வரிசையில் நிற்பார்கள். அதற்கு பாஸ் செல்லாது. டேயாக் டேரில் கிளம்பும் 16ஆம் எண் பஸ் சங்கிலிப் பாலத்தைக் கடந்து அதே குன்றின் மேல் விட்டுவிடும், அதற்குச் செல்லும். மேலே மீனவர் கோட்டையின் உச்சித் தளத்துக்குத்தான் டிக்கெட், கீழ்த் தளங்களில் சும்மாவே நிற்கலாம், அங்கிருந்தும் அதே நதி, அதே பார்லிமெண்ட்தான் தெரிகிறது. காலை ஏழு மணி வாக்கில் போனால் கல்யாண போட்டோ எடுக்க வந்த ஜோடிகளைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

மலைப் பக்கம் ஆசை இருந்தால் 60ஆம் எண் பல்சக்கர ரயில் ஒன்று இருக்கிறது, ஊட்டி ரயிலின் சின்னத் தம்பி மாதிரி. 1874இல் தொடங்கியது, இதற்கும் பாஸ் செல்லும். 4, 6 டிராம்களில் ஏறி மார்கரெட் பாலத்தின் நடுவில் இறங்கினால் மார்கரெட் தீவு, இரண்டரை கிலோமீட்டர் பூங்கா, காசு கிடையாது.

இனி குறைகள். நகர எல்லைக்கு வெளியே இந்த பாஸ் செல்லாது. சென்டென்ட்ரே என்கிற அழகான சிறு ஊருக்குப் போகும் புறநகர் ரயிலில் எல்லைக்கு அப்பாலான தூரத்துக்குத் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும், இதை யாரும் பெரிய எழுத்தில் போட்டிருக்கவில்லை. மெட்ரோ வாசலில் பரிசோதகர்கள் அடிக்கடி நிற்கிறார்கள், சுற்றுலாப் பயணி என்று தயவு பார்ப்பதில்லை. ஒற்றை டிக்கெட் வாங்கி இயந்திரத்தில் குத்த மறந்து அபராதம் கட்டிய பலரை ஹாஸ்டலில் பார்த்தேன். 72 மணி நேர பாஸுக்கு அந்தக் குத்துகிற வேலையே இல்லை, அதற்காகவே வாங்கலாம்.

அப்புறம் அந்தப் பெரிய கேள்வி, 'புடாபெஸ்ட் கார்டு' வாங்கலாமா? போக்குவரத்தோடு சில அருங்காட்சியகங்கள், லூகாச் வெந்நீர்க் குளியல் எல்லாம் சேர்ந்தது, விலை பல மடங்கு. நாளுக்கு இரண்டு அருங்காட்சியகம் ஏறி இறங்குகிறவர்களுக்குக் கட்டுப்படியாகும். எனக்கு ஆகாது. ஊரின் பேர் போன செச்சேனி குளியல், 1913இல் கட்டியது, பத்தாயிரம் ஃபோரின்ட்டுக்கு மேல் கேட்கிறது. கொடுத்தேன், கொடுத்ததற்குத் தகும். வெளியே குளிர், கழுத்துவரை வெந்நீர், பக்கத்தில் தாத்தாக்கள் தண்ணீரில் நின்றபடி செஸ் ஆடுகிறார்கள். துண்டும் ரப்பர் செருப்பும் ஊரிலிருந்தே கொண்டு போங்கள். எம்1 அந்தக் குளியல் வாசலிலேயே நிற்கும்.

சாப்பாட்டுக்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. சைவம் என்றால் லாங்கோஷ் இருக்கிறது, எண்ணெயில் பொரித்த பெரிய மாவு ரொட்டி, மேலே பூண்டு, புளித்த கிரீம், சீஸ். சந்தைக் கட்டடத்தின் மாடியில் சுற்றுலா விலை. குலாஷ் சூப் மாட்டிறைச்சி. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். ஏடிஎம்மோ கடை இயந்திரமோ 'ரூபாயில் கழிக்கட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், ஃபோரின்ட்டிலேயே கழிக்கட்டும், இல்லாவிட்டால் மோசமான விகிதம் போட்டு உங்கள் கணக்கில் ஏற்றிவிடுவார்கள்.

பெண் தனியாகப் போகலாமா என்று அலுவலகத் தோழிகள் எல்லோரும் கேட்டார்கள். 6ஆம் எண் டிராம் இரவு முழுக்க ஓடுகிறது, நடுராத்திரியிலும் ஆட்கள் இருந்தார்கள். ஏழாவது வட்டாரத்தில் வெள்ளி, சனி இரவுகளில் குடித்துவிட்டுக் கத்துகிற வெளியூர்க் கும்பல்கள் அதிகம், ஆபத்தில்லை, ஆனால் தூக்கம் போகும். ஹாஸ்டலை அந்தத் தெருக்களுக்கு வெளியே, 4 அல்லது 6 டிராம் பாதையில் எடுத்தால் இரண்டு தொல்லையும் இல்லை. என் பெரியம்மாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, அது வேறு விஷயம்.

இந்த 72 மணி நேர பாஸுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரை மதிப்பெண் அந்த 100இ பஸ்ஸுக்காகக் குறைத்தது. ஒரு நாள் மட்டும் தங்குகிறவர்களுக்கு 24 மணி நேர பாஸ் இருக்கிறது. நாலைந்து பேராகப் போனால் ஐந்து பேர் வரை ஒன்றாகச் சுற்ற 24 மணி நேர குரூப் பாஸும் உண்டு, ஆனால் அதில் எல்லோரும் ஒன்றாகவேதான் போக வேண்டும், ஒருத்தர் கடைக்குப் போகிறேன், ஒருத்தர் தூங்குகிறேன் என்று பிரிய முடியாது.