வில்லியம்ஸ்பர்கா, ஜேம்ஸ்டவுனா? குழந்தைகளோடு போக எது நல்லது

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக்குக் குழந்தைகளோடு போகிற பலருக்கும் கையில் ஒரு நாள்தான் இருக்கும். அதைக் காலனியல் வில்லியம்ஸ்பர்கில் செலவழிப்பதா, பக்கத்திலேயே இருக்கும் ஜேம்ஸ்டவுன் செட்டில்மென்ட்டிலா? ஆறு வயதும் ஒன்பது வயதுமாக இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாங்கள் இரண்டையும் பார்த்தோம். என் ஓட்டு வில்லியம்ஸ்பர்குக்குத்தான்.

ஜேம்ஸ்டவுனை முதலில் சொல்லிவிடுகிறேன். 1607-இல் ஆங்கிலேயர் குடியேறிய இடத்துக்கு அருகே 1957-இல் திறந்த அருங்காட்சியகம் அது. சூசன் கான்ஸ்டன்ட், காட்ஸ்பீட், டிஸ்கவரி என்று அவர்கள் வந்த மூன்று கப்பல்களின் மாதிரிகள் ஆற்றோரம் நிற்கின்றன. மேலே ஏறிப் பார்க்கலாம். பவ்ஹாட்டன் பழங்குடிகளின் குடில்களும் மரக்கோட்டையும் கூப்பிடு தூரத்தில். நடை குறைவு, மழை வந்தால் ஒதுங்க உள்ளே பெரிய காட்சிக்கூடம். ஐந்து வயதுக்குள் என்றால் இதுவே தோது என்று தோன்றுகிறது. அந்த வயதுப் பிள்ளையோடு நான் போனதில்லை.

வில்லியம்ஸ்பர்க் ஒரு முழு ஊர், பதினெட்டாம் நூற்றாண்டு வாழ்க்கையைக் காட்டும் திறந்தவெளி அருங்காட்சியகம். 1699 முதல் 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகரம். பிறகு பொலிவிழந்து கிடந்ததை, குட்வின் என்ற பாதிரியாரின் தூண்டுதலால் 1926 முதல் ஜான் டி. ராக்கஃபெல்லர் ஜூனியர் என்ற செல்வந்தர் பணம் போட்டு மீட்டெடுத்தார். சுமார் 300 ஏக்கர். 1781-இல் எரிந்துபோன ஆளுநர் மாளிகையைக்கூட அதே இடத்தில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் என்னைச் சாய்த்தது கட்டடங்கள் இல்லை, பட்டறைகள். கொல்லர், பீப்பாய் செய்பவர், டோப்பா கட்டுபவர், அச்சுக்கோப்பவர் என்று அங்கே இருப்பவர்கள் வருஷக்கணக்கில் பயிற்சி எடுத்து அந்தத் தொழிலையே செய்கிறவர்கள். கொல்லுப்பட்டறையில் ஒருவர் துருத்தியை இழுத்து, இரும்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, பட்டடையில் வைத்து நாலு பக்கமும் திருப்பித் திருப்பித் தட்டினார். நுனி கூரானதும் தேவையான நீளத்தில் பாதி வெட்டு, அச்சுத் துளையில் சொருகி ஒரு ஒடி, மேலே சில அடி. ஆணித்தலை வந்துவிட்டது. "ஏன் உருண்டையா அடிக்கலை?" என்று என் மூத்தவள் கேட்டாள். சதுர ஆணிதான் மரத்தைக் கவ்விப் பிடிக்கும் என்று வேலையை நிறுத்தாமலே பதில் சொன்னார். அந்த ஆணி அதே ஊரின் கட்டட வேலைக்குப் போகிறது என்றதும் அவள் அங்கிருந்து நகரவே இல்லை. பலகையில் எழுதி வைத்திருந்தால் படித்திருக்க மாட்டாள். கேள்வி கேட்கிற பிள்ளைக்கு, விஷயம் தெரிந்து பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஜேம்ஸ்டவுனிலும் நல்ல ஆட்கள் உண்டு, ஆனால் இவ்வளவு தொழில்கள் கிடையாது.

அடிமைமுறையைப் பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த ஊரில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள், அவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். 1760-இல் கறுப்பினப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பிரே பள்ளியின் கட்டடத்தை 2023-இல் அப்படியே நகர்த்திக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், கூடவே அடிமை நிலைக்குப் பணியவும் பழக்கினார்கள். இதைப் பூசி மெழுகாமல் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பழங்குடிகளின் வாழ்க்கை தெரிய வேண்டுமென்றால் மட்டும் ஜேம்ஸ்டவுனே மேல்.

தெருவில் நடக்கக் கட்டணம் இல்லை. வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் உள்ளே போகத்தான் டிக்கெட். எல்லாப் பட்டறையும் தினமும் திறந்திருக்காது. அதனால் அன்றைய அட்டவணையைப் பார்த்து மூன்று நான்கை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் நிதானமாக நில்லுங்கள். நாங்கள் போனது அக்டோபரில். ஜூலை வெயிலில் சின்னப் பிள்ளைகள் தாங்குவார்களா என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டு நாள் இருந்தால் ஜேம்ஸ்டவுனை முதல் நாள் வையுங்கள். காலவரிசையும் சரியாக வரும், காலனியல் பார்க்வே என்ற சாலை வழியாக இரண்டுக்கும் இடையே காரில் கொஞ்ச நேரம்தான்.