பெயர்ப்பலகை வேறு, முகவரி வேறு: ஆக்சஸ் மெனு பொத்தான்கள்

குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்யும் எங்கள் கடையில் நூல் இருப்பு, தறிக்காரர் கூலி, வெளியூர் நிலுவை ஆகிய மூன்றையும் பல ஆண்டுகளாக மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்னும் தரவுத்தள மென்பொருளின் கோப்பு ஒன்றில் எழுதி வருகிறோம். அதை அமைத்துக் கொடுத்தவர் ஊரைவிட்டுப் போய்விட்டதால், முகப்பில் உள்ள மெனு பொத்தான்களைத் திருத்தும் வேலை என் தலையில் விழுந்தது.

எங்களிடம் இருப்பது பழைய ஸ்விட்ச்போர்டு, அதாவது பொத்தானை அழுத்தினால் படிவமோ அறிக்கையோ திறக்கும் மெனு முகப்பு. 'கூலி' என்ற படிவத்தின் பெயரை ஒரு வெள்ளிக்கிழமை 'வாரக்கூலி' என்று மாற்றினேன். மறுநாள் தறிக்காரர்கள் திண்ணையில் காத்திருக்க, பொத்தானை அழுத்தினால் பிழைச் செய்திதான் வந்தது. தவறு என்னுடையதே. பொத்தான்களின் விவரம் முகப்புப் படிவத்தில் இல்லை, 'ஸ்விட்ச்போர்டு ஐட்டம்ஸ்' என்னும் அட்டவணையில் பொத்தானுக்கு ஒரு வரியாக இருக்கிறது. அதில் 'ஐட்டம் டெக்ஸ்ட்' கண்ணுக்குத் தெரியும் எழுத்து. 'கமாண்ட்' செய்ய வேண்டிய வேலையின் எண், 3 என்றால் படிவத்தைத் திருத்தத் திறக்கும், 4 என்றால் அறிக்கையைத் திறக்கும். 'ஆர்க்யுமெண்ட்' திறக்க வேண்டியதன் பெயர். அந்தக் கடைசிக் கட்டத்தில் பழைய பெயரே நின்றிருந்தது. ஒரு சொல்லைத் திருத்தியதும் கூலிப் பட்டுவாடா தொடங்கியது.

அதே மெனு வேலைக்காக ஆக்சஸ் 2010 பதிப்பில் வந்த நேவிகேஷன் ஃபார்ம் பார்வைக்கு அழகானது. வடிவமைப்பைத் திருத்தும் லேஅவுட் வியூவில் ஒரு படிவத்தை இழுத்துவந்து விட்டாலே பொத்தான் உருவாகிவிடும். எழுத்தை 'கேப்ஷன்' பண்பிலும், இலக்கை 'நேவிகேஷன் டார்கெட் நேம்' பண்பிலும் மாற்றலாம். ஆனால் படிவம் அங்கே முகப்புக்குள் அடங்கிய துணைப் படிவமாகத் திறப்பதால், அதன் பெயரை நேரடியாகச் சுட்டித் தரவை எடுக்கும் வினவல்கள் (குவெரி) மதிப்பைக் கேட்டுப் பெட்டி ஒன்றை நீட்டுகின்றன. வேறு பொத்தானுக்குப் போனால் முந்தைய படிவம் மூடப்பட்டு, போட்டிருந்த வடிகட்டலும் போய்விடுகிறது. நிலுவைப் பட்டியலையும் கூலியையும் மாறி மாறிப் பார்க்கும் எங்கள் கணக்குப்பிள்ளைக்கு இது பெருந்தொல்லை.

புதிதாகக் கோப்பு அமைப்பவர்களுக்கு நேவிகேஷன் ஃபார்மே போதும். பிறர் அமைத்த கோப்பைக் கட்டி மேய்ப்பவர்களுக்கோ, எல்லா இலக்குகளையும் ஒரே அட்டவணையில் விரித்துக் காட்டும் ஸ்விட்ச்போர்டே வசதி என்பது என் கருத்து. அதன் பொத்தான்களைச் சேர்க்கவும் திருத்தவும் உதவும் ஸ்விட்ச்போர்டு மேனேஜர் என்னும் கருவியை 2010 பதிப்பு முதல் ரிப்பன் என்னும் மேல் கட்டளைப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆப்ஷன்ஸ் வழியாக நாமே சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்துக்கு 8 பொத்தான்களே என்பது ஸ்விட்ச்போர்டின் குறை. எங்கள் முகப்பில் இப்போது ஏழு இருக்கின்றன, சாயப்பட்டறைக் கணக்குக்கு ஒன்று வேண்டும் என்று அப்பா நேற்றே சொல்லிவிட்டார்.